இன்சுலின் தடையும் மகப்பேறும்: அளந்தது எது, கேட்டது எது?

நோயின் வேரைக் கண்டுபிடித்து அதைக் களைந்துவிட்டால் நோய் தானே அகன்றுவிடும். கேட்பதற்கு இதைவிட நியாயமான வாதம் வேறு இல்லை. ஆனால் வேர் என்று நாம் கருதுவது உண்மையில் வேர்தானா என்பது ஒரு கேள்வி. அதைக் களைந்தபின் நாம் விரும்பிய பலன் கிடைத்ததா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு 'ஆம்' என்ற விடை வந்துவிட்டதாலேயே இரண்டாவதற்கும் 'ஆம்' என்று எழுதிக்கொள்வது அறிவியல் முறை ஆகாது. மகப்பேற்று மருத்துவத்தில் 1990-களின் இறுதியில் இத்தகைய அவசரம் ஒன்று நிகழ்ந்தது. அதே மருத்துவத் துறை பின்னர் தன்னைத் தானே திருத்திக்கொண்டது. ஆயினும் திருத்தம் சென்று சேர்ந்த இடங்களைவிடப் பழைய நம்பிக்கை சென்று சேர்ந்த இடங்களே அதிகம்.

நாம் பேச இருப்பது சினைப்பை நீர்க்கட்டி நோய் பற்றி. பி.சி.ஓ.எஸ். என்றும் பி.சி.ஓ.டி. என்றும் பேச்சு வழக்கில் குறிப்பிடப்படுவது இதுவே. பிள்ளைப்பேற்று வயதில் உள்ள பெண்களில் 100-க்கு 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. "இன்சுலின்தான் காரணம், அதைச் சரிசெய்தால் குழந்தை தானே தங்கிவிடும்" என்று இவர்களில் பலருக்கு உறவினரும் விளம்பரங்களும் சொல்லக் கேட்கிறோம். அந்தக் கூற்றை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். என் துறை இயற்பியல், மருத்துவம் அன்று. ஆகவே யார் எந்த மருந்தை உண்ணலாம் என்பதை மருத்துவரிடமே விட்டுவிடுகிறேன். ஓர் அளவீட்டை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

நோய் கண்ட வரலாறு

1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவந்தால் என்னும் இரு மருத்துவர்கள் 7 பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை. சினைப்பைகள் பருத்து, சிறு சிறு நீர்க்குமிழிகள் நிறைந்து காணப்பட்டன. மருத்துவர்கள் சினைப்பையிலிருந்து ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி நீக்கினர். எழுவருக்கும் மாதவிலக்கு திரும்பியது, இருவர் கருவுற்றனர்.

நீர்க்கட்டி என்ற பெயர் அன்று ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவை நோய்க்கட்டிகள் அல்ல. சினைமுட்டையைத் தாங்கி வளரும் நுண்ணறைகளே அவை. மாதந்தோறும் அவற்றுள் ஒன்று முழு வளர்ச்சி அடைந்து வெடித்து முட்டையை வெளியிட வேண்டும். இந்நோயில் அவை பாதி வழியில் வளர்ச்சி நின்று அப்படியே தங்கிவிடுகின்றன.

இதற்கும் இன்சுலினுக்கும் என்ன தொடர்பு? 1921-இலேயே பிரான்சில் அஷார், தியர் என்னும் இருவர் முகத்தில் தாடி வளர்ந்த பெண்களிடம் நீரிழிவு காணப்படுவதை எழுதியிருந்தனர். 1980-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பர்கன், கிவன்ஸ், கிடாப்சி ஆகியோர், இந்நோய் கண்ட பெண்களின் இரத்தத்தில் இன்சுலினும் ஆண்மை ஹார்மோன்களும் சேர்ந்தே உயர்ந்திருப்பதைக் காட்டினர். 1989-இல் ஆண்ட்ரியா டுனாய்ஃப் குழுவினர், உடல் பருமனால் மட்டும் இது விளைவதில்லை என்றும், ஒல்லியான பெண்களிடமும் இன்சுலின் தடை காணப்படுகிறது என்றும் நிறுவினர்.

ஒரு மின்சுற்று உவமை

இன்சுலின் தடை என்றால் என்ன? நாம் உண்ணும் உணவிலிருந்து வரும் குளுகோஸ் தசைச் செல்களுக்குள் நுழைய இன்சுலின் துணை வேண்டும். தசை அந்த ஹார்மோனின் ஆணைக்குச் சரியாகப் பணியாத நிலையே இன்சுலின் தடை. அப்போது கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து குளுகோஸை உள்ளே தள்ளுகிறது.

மாணவர்கள் பக்க இணைப்பில் உள்ள இரு மின்தடைகளை நினைத்துக்கொள்ளலாம். ஒரு கிளையில் தடை இரு மடங்காகிவிட்டது. அதில் பழைய அளவு மின்னோட்டம் செல்ல வேண்டுமானால் மின்னழுத்தத்தை இரு மடங்காக்க வேண்டும். ஆனால் அதே மின்னழுத்தம் அடுத்த கிளைக்கும் கிடைக்கிறது. அங்கே தடை கூடவில்லை; எனவே அதில் மின்னோட்டம் இரு மடங்காகிவிடுகிறது. தசை முதல் கிளை. சினைப்பை இரண்டாவது கிளை. தசையை வழிக்குக் கொண்டுவரச் சுரந்த மிகை இன்சுலின், அதற்கு இன்னும் பணிந்துகொண்டிருக்கும் சினைப்பையைத் தூண்டி ஆண்மை ஹார்மோன்களை மிகுதியாகச் சுரக்கவைக்கிறது. கல்லீரலிலோ அந்த ஹார்மோன்களைப் பிணைத்து வைக்கும் புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது. பிணைப்பிலிருந்து விடுபட்ட ஹார்மோன் பெருகுவதால் நுண்ணறைகளின் வளர்ச்சி தடைப்படுகிறது.

உடல் உறுப்புகள் ஓம் விதிக்குக் கட்டுப்பட்ட கம்பிகள் அல்ல. ஆகவே இந்த உவமையை எண்ணளவில் நம்பக்கூடாது. ஆனால் ஓரிடத்தில் தடை இருக்க மற்றோரிடத்தில் ஏன் மிகைச் செயல் தோன்றுகிறது என்பது இதனால் விளங்கும். இந்த அளவில் இன்சுலின் கோட்பாடு வலுவானதே. அதில் குறை சொல்ல இடமில்லை.

1998-இன் வியப்பு

கோட்பாட்டிலிருந்து சிகிச்சைக்கு வருவோம். மெட்ஃபார்மின் என்பது நீரிழிவுக்காக 1950-களிலிருந்து பயன்பட்டு வரும் மருந்து. கல்லீரல் வெளியிடும் குளுகோஸைக் குறைத்து, உடலின் இன்சுலின் தேவையையும் அது குறைக்கிறது. 1994-இல் வெனிசுலா நாட்டில் வெலாஸ்குவஸ் குழுவினர் இந்நோய் கண்ட 26 பெண்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தனர். இன்சுலின் குறைந்தது, ஆண்மை ஹார்மோன்கள் குறைந்தன, சிலர் கருவுற்றனர்.

1998-இல் நெஸ்லர் முதலானோர் அமெரிக்கா, வெனிசுலா, இத்தாலி ஆகிய நாடுகளில் நடத்திய சோதனை உலகின் கவனத்தை ஈர்த்தது. உடல் பருத்த 61 பெண்களில் 35 பேருக்கு மெட்ஃபார்மினும் 26 பேருக்கு மருந்தற்ற மாத்திரையும் தரப்பட்டன. 35 நாட்களுக்குள் மெட்ஃபார்மின் குழுவில் 12 பேருக்கு முட்டை வெளியாயிற்று. மற்றதில் ஒருவருக்கு மட்டுமே. முட்டை வெளியாகாத பெண்களுக்கு, முட்டையைத் தூண்டும் பழைய மருந்தாகிய குளோமிபீன் நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வீதம் 5 நாட்கள் சேர்த்துத் தரப்பட்டது. இறுதிக் கணக்கில் மெட்ஃபார்மின் குழுவில் 35-க்கு 31 பேர், மற்றக் குழுவில் 26-க்கு 3 பேர். நூற்றுக்கு 89-உம் 12-உம்!

இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக வராது. எண்களைப் பிழை என்று சொல்ல முடியாது. என் குறை வேறிடத்தில் இருக்கிறது. இச்சோதனையில் அளக்கப்பட்டது எது? முட்டை வெளியானதா என்பது. அதுவும் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் உயர்ந்ததா என்பதைக் கொண்டு அறியப்பட்டது. சிகிச்சைக்கு வந்த பெண் கேட்டது எது? குழந்தை. முட்டை வெளியாவதற்கும் குழந்தை பிறப்பதற்கும் நடுவே எத்தனை படிகள்! முட்டை விந்தணுவைச் சந்திக்க வேண்டும். கரு கருப்பைச் சுவரில் பதிய வேண்டும். முதல் மூன்று மாத ஆபத்தைத் தாண்டி முழு வளர்ச்சி பெற வேண்டும். முதற்படியை அளந்துவிட்டு மாடியை அடைந்ததாகச் சொல்ல இயலாது.

ஆய்வாளர்கள் முட்டை வெளியாவதைப் பற்றியே எழுதினர். குழந்தைப் பேற்றுக்கு அவர்கள் உறுதி கூறவில்லை. படித்தவர்கள்தாம் இடைப்பட்ட படிகளைத் தம் விருப்பத்தால் நிரப்பிக்கொண்டனர். மேலும் 35 நாட்கள், 61 பெண்கள் என்பவை ஒரு நல்ல தொடக்கத்திற்குப் போதும், முடிவுக்குப் போதா.

குழந்தைகளை எண்ணியபோது

2006-இல் நெதர்லாந்தில் மோல் குழுவினர் 225 பெண்களிடம் குளோமிபீனுடன் மெட்ஃபார்மினைச் சேர்த்தும், சேர்க்காமலும் கொடுத்துப் பார்த்தனர். முட்டை வெளியான பெண்கள் சேர்த்த குழுவில் 64 சதவிகிதம். சேர்க்காத குழுவில் 72 சதவிகிதம். மெட்ஃபார்மினால் கூடுதல் பலன் ஏதும் தெரியவில்லை.

அடுத்து 2007-இல் அமெரிக்காவில் லெக்ரோ முதலானோரின் பெரிய சோதனை வெளிவந்தது. 626 பெண்கள், 6 மாதங்கள் வரை சிகிச்சை, எண்ணப்பட்டது உயிருடன் பிறந்த குழந்தைப் பேறு. குளோமிபீன் மட்டும் பெற்ற 209 பேரில் 47 பேருக்கு, அதாவது 22.5 சதவிகிதத்தினருக்குக் குழந்தை பிறந்தது. மெட்ஃபார்மின் மட்டும் பெற்ற 208 பேரில் 15 பேர்; 7.2 சதவிகிதம். இரண்டும் பெற்ற 209 பேரில் 56 பேர், 26.8 சதவிகிதம்.

இந்த எண்களை நம் மாணவர்கள் ஆய்வகத்தில் பயன்படுத்தும் ஓர் எளிய முறையால் சோதிக்கலாம். கதிரியக்கத் துகள்களை எண்ணும்போது, எண்ணிக்கையில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம் அவ்வெண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும் என்று கொள்கிறோம். இரு எண்ணிக்கைகளின் வேறுபாட்டிற்கு, அவற்றின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலம். இங்கும் தோராயமாக அதையே கொள்ளலாம். குழுக்கள் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. 47-க்கும் 15-க்கும் வேறுபாடு 32. கூட்டுத்தொகை 62, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 8. வேறுபாடு பிழையளவைப்போல் நான்கு மடங்கு. எனவே குளோமிபீன் மேலானது என்பதில் ஐயமில்லை. 56-க்கும் 47-க்கும் வேறுபாடு 9. கூட்டுத்தொகை 103, வர்க்கமூலம் 10. வேறுபாடு பிழையளவுக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததால் நன்மை விளைந்தது என்று இந்தச் சோதனையைக்கொண்டு சொல்ல முடியாது.

இன்னொரு கணக்கையும் போடலாம். இதே சோதனையில் முட்டை வெளியான மாதச் சுழற்சிகளும் எண்ணப்பட்டன. குளோமிபீன் குழுவில் 49 சதவிகிதம். மெட்ஃபார்மின் குழுவில் 29 சதவிகிதம். முட்டை வெளியாவதே குழந்தைக்குச் சரியான அளவுகோல் என்றால், மெட்ஃபார்மின் குழுவில் 22.5-ஐ 29-ஆல் பெருக்கி 49-ஆல் வகுக்கக் கிடைக்கும் 13 சதவிகிதத்தினராவது குழந்தை பெற்றிருக்க வேண்டும். பெற்றவர்களோ 7.2 சதவிகிதத்தினர், எதிர்பார்த்ததில் பாதிக்குச் சற்றே அதிகம். முட்டை வெளியான பெண்களுள் கருத்தரித்தவர்களும் குளோமிபீன் குழுவில் 39.5 சதவிகிதம், மெட்ஃபார்மின் குழுவில் 21.7 சதவிகிதம். அளவுகோலே மருந்துக்கு மருந்து மாறுகிறது என்றால் அதை வைத்து இரு மருந்துகளை எப்படி ஒப்பிடுவது?

மெட்ஃபார்மினுக்குச் சாதகமான ஒரு செய்தியையும் மறைக்கக் கூடாது. கருவுற்றவர்களுள் இரட்டைக் குழந்தை போன்ற பல்கருப்பேறு குளோமிபீன் குழுவில் 6 சதவிகிதம். மெட்ஃபார்மின் குழுவில் ஒன்றும் இல்லை. பல்கருப்பேறு தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து நிறைந்தது. ஆனால் மெட்ஃபார்மின் குழுவில் கருவுற்றவர்களே சிலர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வேரைத் தொடாத மருந்து

இந்த வரலாற்றில் பெரிய பாடம் 2014-இல் வந்தது. லெட்ரோசோல் என்பது மார்பகப் புற்றுநோய்க்காக ஏற்பட்ட மருந்து. ஆண்மை ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் நொதியை அது தடுக்கிறது. ஈஸ்ட்ரோஜன் சிறிது காலம் குறைந்ததும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பை சோம்பியிருப்பதாகக் கருதித் தூண்டும் ஹார்மோனை அதிகம் அனுப்புகிறது, நுண்ணறை வளர்கிறது. இந்த வழியில் இன்சுலினுக்கு வேலையே இல்லை. கோட்பாட்டாளர் வேர் என்று சொன்னதை இம்மருந்து தொடவில்லை.

பலன் என்ன? லெக்ரோ குழுவினர் 750 பெண்களிடம் நடத்திய சோதனையில் லெட்ரோசோல் பெற்ற 374 பேரில் 103 பேர் குழந்தை பெற்றனர். குளோமிபீன் பெற்ற 376 பேரில் 72 பேர். சதவிகிதத்தில் 27.5-உம் 19.1-உம். வேறுபாடு 31; நம் தோராய முறையில் பிழையளவு 13. இரு மடங்குக்கு மேல். 2023-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள், முட்டை வெளியாகாமையே குழந்தையின்மைக்குக் காரணமாக உள்ள இந்நோயாளருக்கு லெட்ரோசோலையே முதல் மருந்தாகப் பரிந்துரைத்தன.

இம்மருந்துக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மகப்பேற்றுச் சிகிச்சையில் இதைப் பயன்படுத்த 2011-இல் இந்திய அரசு தடை விதித்தது. 2017-இல் அத்தடை நீங்கியது. குழந்தைகளுக்கு உடற்குறை உண்டாகும் என்ற அச்சம் 2005-இல் கனடாவில் ஒரு மாநாட்டில் படிக்கப்பட்ட அறிக்கையிலிருந்து கிளம்பியது. அதில் இம்மருந்தால் பிறந்த சுமார் 150 குழந்தைகள், ஆபத்துக் குறைந்த தாய்மார்கள் மருத்துவமனையில் பெற்ற சுமார் 36,000 குழந்தைகளுடன் ஒப்பிடப்பட்டனர். சிகிச்சை பெற்ற தாய்மாரின் குழந்தைகளைச் சிகிச்சை பெற்ற வேறு தாய்மாரின் குழந்தைகளோடுதானே ஒப்பிட வேண்டும்? 2006-இல் டுலாண்டி குழுவினர் லெட்ரோசோலாலும் குளோமிபீனாலும் பிறந்த 911 குழந்தைகளை அவ்வாறே ஒப்பிட்டனர். லெட்ரோசோலால் உடற்குறை மிகுந்ததாகத் தெரியவில்லை.

மறுபக்கம்

அப்படியானால் மெட்ஃபார்மின் வீண் மருந்தா? அவ்வாறு முடிவு கட்டுவதும் அதே அவசரம்தான். 2012-இல் பின்லாந்தில் மோரின்-பாபுனன் குழுவினர் 320 பெண்களிடம் வேறு விதமாகச் சோதித்தனர். முதல் மூன்று மாதம் மெட்ஃபார்மின் அல்லது மருந்தற்ற மாத்திரை. பின்னர் தேவைப்பட்டவர்களுக்கு அதனுடன் வழக்கமான மகப்பேற்றுச் சிகிச்சை. குழந்தை பெற்றவர்கள் மெட்ஃபார்மின் குழுவில் 41.9 சதவிகிதம், மற்றதில் 28.8 சதவிகிதம். இங்கு எண்ணப்பட்டதும் குழந்தைப் பேறே. ஆகவே இதை மதிக்க வேண்டும். தனித்து நின்று போதாத ஒரு மருந்து, நிலத்தைப் பண்படுத்தும் வேலையைச் செய்யக்கூடும். 2023-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் மெட்ஃபார்மினை முற்றிலும் விலக்கவில்லை. அதைவிடப் பலன் மிகுந்த மருந்துகள் உண்டு என்பதைப் பெண்ணுக்குச் சொல்லித் தரவேண்டும் என்கின்றன.

மேலும் இந்நோய் உள்ள பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி. குழந்தை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் இன்சுலின் தடையைக் கவனிக்க அது ஒன்றே போதிய காரணம். நடைப்பயிற்சியும் உணவு ஒழுங்கும் அந்த வகையில் நன்மையே. ஆனால் அவற்றை மகப்பேற்றின் விலையாகச் சொல்லிப் பெண்ணைக் குற்றவாளியாக்குவது வேறு.

ஒற்றை எண்ணின் மயக்கம்

இன்சுலின் தடையை அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1979-இல் டிஃபிரான்சோ குழுவினர் விளக்கிய முறை நம்பத்தக்கது. இரத்தத்தில் இன்சுலினைச் சீராகச் செலுத்திக்கொண்டே, குளுகோஸின் அளவு மாறாதபடி வெளியிலிருந்து குளுகோஸையும் செலுத்துவர். அளவை நிலைநிறுத்த எவ்வளவு குளுகோஸ் தேவைப்பட்டது என்பதே அளவீடு. வீட்ஸ்டன் சுற்றில் முள்ளைச் சுழியில் நிறுத்தி அளப்பதுபோன்ற முறை இது. ஆனால் சில மணி நேரம் பிடிக்கும், ஆய்வுக்கூடத்திற்கே பொருந்தும்.

1985-இல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவான எளிய சூத்திரம், வெறும் வயிற்றில் எடுத்த இன்சுலினையும் குளுகோஸையும் பெருக்கி ஒரு மாறிலியால் வகுப்பது. பல நூறு பேரை ஒப்பிடும் ஆய்வுகளுக்கு இது பயன்படும். தனி ஒருவருக்கு? இன்சுலின் சீராகச் சுரப்பதில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை துடிப்புத் துடிப்பாகச் சுரக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் அளவீடும் மாறுகிறது. மாறுமின்னோட்டத்தை ஒரு கணத்தில் மட்டும் படித்துவிட்டு அதன் சராசரியைச் சொல்வது போன்றது இது. 2023-ஆம் ஆண்டு நெறிகள் இன்சுலின் தடையை இந்நோயின் முக்கிய இயல்பாக ஏற்றுக்கொண்டும், அன்றாட மருத்துவத்தில் இன்சுலினை அளக்க வேண்டியதில்லை என்று கூறுவது இதனால்தான். அவை கேட்பது குளுகோஸ் பரிசோதனையையே.

இழப்பு யாருக்கு?

இந்த ஆராய்ச்சியெல்லாம் எண்களின் விளையாட்டு என்று வாசகர்கள் கருதிவிடக் கூடாது. 7.2-க்கும் 22.5-க்கும் இடையே நூற்றுக்குப் பதினைந்து குடும்பங்கள் இருக்கின்றன. மகப்பேற்றுக்கு வரும் பெண்ணுக்குக் காலம் ஒரு செல்வம். வயது ஏற ஏற முட்டையின் எண்ணிக்கையும் தரமும் குறைகின்றன. இன்சுலின் எண் இறங்கட்டும் என்று ஓர் ஆண்டைக் கழிப்பவருக்கு அந்த ஆண்டு திரும்பாது. நம் குடும்பங்களில் குழந்தை இல்லாக் குறை பெண்மீதே சுமத்தப்படுவதால் அந்த ஆண்டு பேச்சுக் கேட்கும் ஆண்டாகவும் இருக்கும். கணவனின் விந்தணுப் பரிசோதனையைத் தொடக்கத்திலேயே செய்யாமல் மனைவிக்கு மட்டும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பதும் இதே காலவிரயத்தில் சேரும்.

ஆகவே "புதிய மருந்தால் 89 சதவிகித வெற்றி" என்ற செய்தியைப் படிக்கும்போது மாணவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். வெற்றி என்று எதை எண்ணினார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை பேரை, எவ்வளவு காலம் பார்த்தார்கள்? வேறுபாடு தற்செயல் பிழையைவிட எத்தனை மடங்கு? இவற்றுக்கு விடை காண மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. பள்ளிக் கணக்கும் சற்றுப் பொறுமையும் போதும். சிகிச்சை பெறும் பெண்ணும் தன் மருத்துவரிடம் முதல் கேள்வியைத் தயங்காமல் கேட்கலாம். நல்ல மருத்துவர் அதற்காகக் கோபிக்கமாட்டார்.